மேல்வீட்டு மோட்டார்

"தம்பி, மேல என்ன மாவு மில்லு ஓடுதா?"

வீட்டுக்காரர் விருமாண்டி மாடிப்படி அடியில் நின்று கேட்டார். வில்லாபுரத்தில் அந்த மாடி வீட்டுக்கு சூர்யபிரகாஷ் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற கேள்விதான்.

மாவு மில் இல்லை. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் உப்புத் தண்ணீர், மேலே நீல விளக்கு, பாறையில் ஒட்டிய உயிருள்ள பவளங்கள். பண்ணையில் வளர்த்தவற்றைச் சின்னத் துண்டுகளாக வாங்கி வந்து, உள்ளங்கை அகலத்துக்கு அவன் ஆளாக்கியவை. தண்ணீரைச் சுழற்ற ஒரு மோட்டார். அதன் உறுமல் தரை வழியாக இறங்கி, நேர் கீழே கட்டிலில் படுத்திருக்கும் விருமாண்டியின் காதுக்குப் போய்விடும்.

மோட்டார் நின்றால் பவளங்களுக்கு மூச்சு முட்டும், பொழுது சாய்வதற்குள் செத்துப்போகும் என்று சூர்யபிரகாஷ் ஒருமுறை அவருக்கு விளக்கிப் பார்த்தான்.

"கல்லுக்கு லைட்டு, கல்லுக்குச் சோறு. இப்ப கல்லுக்கு மூச்சு வேறயா? மனுசன் தூங்க வேணாமா?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சூர்யபிரகாஷுக்கு வங்கியில் வேலை. காலையில் கிளம்புமுன் பவளங்களைப் படம் எடுக்காவிட்டால் அவனுக்கு நாள் விடியாது. ஓடும் தண்ணீரில் அவற்றின் மெல்லிய இதழ்கள் ஆடி, படம் கலங்கிவிடும். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் மூக்கு உரச உட்கார்ந்து எடுப்பான். அந்த நேரத்தில் அவனிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது என்பது மனைவி தமிழ்வாணியின் நீண்ட நாள் புகார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். தமிழ்வாணி புடவை கட்டி முடித்து, பூட்டும் கையுமாக வாசலில் வந்து நிற்கும்வரை அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் போட்ட அதட்டலில் எழுந்தவன், பழைய போன் ஒன்றைத் தொட்டிக்கு எதிரே நிறுத்தி, விட்டு விட்டுத் தானாகப் படம் எடுக்கும்படி வைத்தான். புதிதாக ஒட்டிய துண்டு பகலில் எப்படி விரிகிறது என்று பார்க்க ஆசை. வைத்த கையோடு ஓடினான்.

பஸ் செக்கானூரணியைத் தாண்டும்போது விருமாண்டியிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமையும் சத்தப் புகாரா என்று எடுக்காமல் விட்டான். மறுபடி அடித்தது. போனின் வாயை அடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் திரும்பி வந்து, பழைய போனில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவன் ஒன்றில் நின்றான்.

"வாணி, இங்க வந்து பாரு."

தொட்டிக் கண்ணாடியில் ஒரு ஆளின் பிம்பம் விழுந்திருந்தது. கைலி, தோளில் துண்டு. பெரிதாக்கினால் விருமாண்டி. கையில் சாவி.

தமிழ்வாணி கொதித்துப் போனாள். பூட்டிய வீட்டுக்குள் மாற்றுச் சாவி போட்டு நுழைகிறவரை நம்பி எப்படிக் குடியிருப்பது? திருநகரில் ஒரு வீடு காலியாக இருப்பதாகத் தோழி சொன்னாளே, இப்போதே பேசிவிடுகிறேன் என்றாள்.

சூர்யபிரகாஷ் தொட்டியைப் பார்த்தான். வீடு மாறுவதென்றால் தொட்டியைக் கலைக்க வேண்டும். கலைத்தால் பாதிக்குமேல் பிழைக்காது. ஆனாலும் அவளைப் பேசச் சொல்லிவிட்டு, பழைய போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

படத்தைப் பார்த்ததும் விருமாண்டியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஆமா தம்பி, வந்தேன். தப்புத்தேன்" என்றார்.

அவர் மனைவி சோலையம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார்.

"எதுக்கு வந்தீகன்னும் சொல்ல வேண்டியதுதான?"

"விடுடீ."

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன். தம்பி, நீங்க கிளம்பிப் போனப்பறம் இட்லியில கை வச்ச மனுசன் மேல நிமிந்து பாத்தாரு. சத்தத்தைக் காணோமேன்னாரு. உங்களுக்குப் போன் அடிச்சாரு. எடுக்கல. திரும்ப அடிச்சாரு. சாப்பிட்ட கையக்கூட ஒழுங்காக் கழுவாம சாவிய எடுத்துக்கிட்டு மேல ஓடுனாரு. சுவிச்சைப் போட்டுட்டு வந்துதான் மிச்ச இட்லியத் தின்னாரு. இது மொதத் தடவையும் இல்ல. நீங்க படம் எடுத்துப்பிட்டு அப்படியே பேங்குக்குப் போயிருவீக, தமிழ்வாணியும் வேலைக்குக் கிளம்பிரும். சொன்னாச் சங்கடப்படுவீகன்னு என்னையும் சொல்ல விடல."

மோட்டாரை நிறுத்தியது சூர்யபிரகாஷுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திரும்பப் போட்ட ஞாபகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, போன வாரத்து நாட்களை யோசித்தாலும் வரவில்லை.

மாடியில் தமிழ்வாணி யாரிடமோ திருநகர் வீட்டு வாடகை விசாரிப்பது கீழே கேட்டது.

"வாணி, போனை வை. அந்த வீடு வேண்டாம்" என்று அண்ணாந்து குரல் கொடுத்தான்.

பிறகு விருமாண்டி பக்கம் திரும்பினான். அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இம்புட்டு நாளா உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன். சத்தமே வராத மோட்டார் இப்ப விக்குது. நாளைக்கே வாங்கி மாட்டிர்றேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

விருமாண்டி கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"அந்த வேலையே வச்சுக்கிறாதீக தம்பி. சத்தம் வராத மோட்டாரு நின்னு போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"