போர்வைக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டு பம்ஃபில் அண்ணன் எங்கள் நடுவேலி முழுக்கப் போர்வை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கோழி குஞ்சு பொரிச்சிருக்காமே? எங்களுக்குக் காட்ட மாட்டீங்களா?"

"கண் பட்டுடும் லுக்ரேசியா! சிவப்பு நூல் கட்டியும் எனக்குப் பயம் போகல. க்ளூஜ் சந்தையில வாங்கின ஜாதிச் சேவலோட வாரிசாச்சே!"

"சரி, நல்லா இருக்கட்டும்."

"உன் வீட்லயும் ஒண்ணு திரியுதே, கழுத்துல ஒரு இறகுகூட இல்லாம, கழுகாட்டம்! அதைச் சீக்கிரம் சூப்பு வச்சிடும்மா."

என் சேவலின் இனமே அப்படி, மொட்டைக் கழுத்து. சொன்னால் அவருக்குச் சிரிப்பு. அந்த வாரம் முழுக்க, "சூப்பு வச்சாச்சா?" என்று போர்வைக்கு மேல் தலையை நீட்டி நச்சரித்தார்.

சனிக்கிழமை எனக்கும் அலுத்துவிட்டது. கத்தியைத் தீட்டி, சேவலைப் பிடிக்க மக்காச்சோளக் களியை முற்றத்தில் இறைத்தேன்.

சேவலுக்கு முன்னால் வந்தது அவர் வீட்டுக் கோழி. வேலிக்கடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்து, களியைக் கிளறி, 'கொக் கொக்' என்று குரல் கொடுத்தது. பின்னாலேயே குஞ்சுகள் உருண்டோடி வந்தன. ஒன்று அம்மா முதுகில் ஏறி உட்கார்ந்தது.

அத்தனை குஞ்சுக்கும் மொட்டைக் கழுத்து!

மூச்சிரைக்க ஓடி வந்தார் பம்ஃபில்.

"ஏண்ணே, இதுக்குத்தான் போர்வையா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"முதல்ல அந்தக் கத்தியைக் கீழ போடுங்க சம்பந்தி. மாப்பிள்ளையை யாராவது சூப்பு வைப்பாங்களா?"