சொந்த டீமின் அம்பயர்

பாலகுமார் விரலை உயர்த்தினான்.

உயர்த்திய பிறகுதான் அது தன்னுடைய விரல் என்று அவனுக்கே உறைத்தது.

எதிரணிப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டே பந்து வீசியவனை நோக்கி ஓடினார்கள். ஃபிராங்க்ளின் மட்டும் கிரீஸில் அசையாமல் நின்றார். காலில் கட்டியிருந்த பேடைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். பிறகு கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

ஜெயிக்க இன்னும் நான்கு ரன்தான் தேவைப்பட்டது. விழுந்தது கடைசி விக்கெட்.

ஈஜிபுரா ஃபிரெண்ட்ஸ் அணி தோற்றுப்போனது.

சர்ஜாபுரா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த வாடகை மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு வெளியாள் அம்பயர் கிடையாது. பேட்டிங் செய்கிற அணியில் யார் முதலில் அவுட்டாகி வருகிறார்களோ அவர்கள்தான் நிற்க வேண்டும். பாலகுமார் முதல் ஓவரிலேயே அவுட். அதனால் கடைசிவரை அவனே நின்றான்.

தன் அணி ஆளுக்குத்தான் அவன் எல்.பி.டபிள்யூ கொடுத்திருந்தான்.

மறுமுனையில் இருந்த மஞ்சுநாத் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பேட்டை இழுத்துக்கொண்டே அவனைக் கடந்து போனான். கேப்டன் இளங்கோவன் பாலகுமார் பக்கம் திரும்பவே இல்லை. கிட் பேக்கில் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஹெல்மெட் விழுந்த சத்தம் மைதானத்தின் நடுவரைக்கும் கேட்டது.

எதிரணி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் டீம். அதன் கேப்டன் ஹரிஷ் நேராக வந்து பாலகுமாரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். வேறு எந்த அம்பயராக இருந்தாலும் இந்த நேரத்தில் அவுட் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பான், இந்த லீக்கில் இப்படி ஒரு நேர்மையைத் தான் பார்த்ததே இல்லை என்றான். தோளில் கை போட்டு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டான்.

பாலகுமார் அதற்குச் சிரித்தான்.

வேப்பமரத்தடியில் ஃபிராங்க்ளின் பேடைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கம்பெனி கேப் ஓட்டுகிறவர். இந்த ஒரு ஞாயிறு லீவுக்காக வாரம் முழுக்க இன்னொரு டிரைவரின் நைட் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்திருந்தார். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஆடுகிறார். இத்தனை வருஷத்தில் ஈஜிபுரா ஃபிரெண்ட்ஸ் எந்தப் போட்டியிலும் ஃபைனலுக்குப் போனதில்லை. இன்று அடித்த ரன்னில் பாதிக்கு மேல் அவருடையது.

பாலகுமார் அவரைச் சுற்றிக்கொண்டு தன் பையை எடுக்கப் போனான். அவர் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பையன்கள் ஏதாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், இளங்கோவனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நீட்டினார்.

“மொதல்ல பேட்ல பட்டுச்சோன்னு எனக்கு ஒரு நெனப்புடா, பாலா. ஆனா நேரா நின்னு பாத்தவன் நீதானே. நீ குடுத்தா அவுட்டுதான்.”

பாலகுமார் தண்ணீரைக் குடித்தான்.

பந்து பேட்டில் பட்டுத்தான் காலுக்குப் போனது; அது அவுட்டே இல்லை. அவனுக்கு அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஜெயித்திருந்தால் அடுத்த ஞாயிறு ஃபைனல்.

அடுத்த ஞாயிறு அவன் மனைவி தாரணிக்கு ஸ்கேன்.

போன வருஷம் மூன்றாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துபோனபோது, அவன் எங்கோ ஒரு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தான். தாரணி தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த முறை, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அதனால் ஃபைனலுக்கு வர முடியாது என்று இளங்கோவனிடம் சொல்ல அவனிடம் ஒரு காரணமும் இல்லை. ஜெயித்தால் ஃபைனல் அந்த ஞாயிறுதானா என்று தாரணி ஒருமுறை கேட்டாள். ஆமாம் என்றான். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எப்போதும் போல அணி தானாகவே தோற்றுவிடும் என்று வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தான்.

ஃபிராங்க்ளின் இப்படி ஆடுவார் என்று அவன் நினைக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கண்ணை மூடி மரத்தில் சாய்ந்திருந்தார். வெயிலில் கறுத்த அந்த முகத்தில் வருத்தம் இருந்தது. அவன் மேல் கோபம் துளியும் இல்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்லலாம் என்று எழுந்து போய், பையிலிருந்து ஃபோனை எடுத்தான். தோத்துட்டோம், அடுத்த ஞாயிறு உன்கூட வரேன் என்று எழுத நினைத்திருந்தான்.

தாரணியிடமிருந்து ஏற்கெனவே ஒரு மெசேஜ் இருந்தது.

‘டாக்டர் ஞாயிறு ஊர்ல இல்லையாம். சனிக்கிழமை சாயந்தரமே வரச் சொல்லிட்டாங்க. நீங்க கவலைப்படாம ஆடுங்க. ஃபைனல் பாக்க நானும் வரேன்.’

அது வந்த நேரத்தைப் பார்த்தான்.

ஃபிராங்க்ளின் பேட் செய்ய இறங்குவதற்கு முன்பே வந்திருந்தது.