காலி பண்ணாத அறை

கணவனின் அடி தாங்காமல் ஈவாஞ்சலின் டீச்சர் தூத்துக்குடியை விட்டு ஓடி ஒன்பது வருடமாகிறது. இப்போது தோழி மகளின் கல்யாணத்துக்காக வந்திருந்தாள். பழைய வீட்டுத் தெருவை மிதிக்கவே கூடாது என்று துறைமுகச் சாலையில் ஒரு ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தாள்.

வரவேற்பில் இருந்த பெரியவர் ஆதார் அட்டையைப் பார்த்துச் சிரித்தார். “ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இன்னொரு ரூம்? ஒன்பது வருசமா மூணாம் மாடியிலதான இருக்கீக?”

“நான் இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி வாரேன் அண்ணாச்சி.”

பெரியவருக்கு மறதி என்று எண்ணிக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த வேறொரு ஹோட்டலுக்கு ஆட்டோவில் போனாள். அங்கிருந்த பெண் அட்டையே கேட்கவில்லை. “எப்ப கீழ எறங்குனீக டீச்சர்? மூணாம் மாடிக்கு இப்பதான மத்தியானச் சாப்பாடு அனுப்புனேன்!”

ஈவாஞ்சலின் படியேறினாள். மூன்றாம் மாடியில் ஒரே ஒரு கதவுதான் சாத்தியிருந்தது. தட்டினாள்.

தாழ்ப்பாள் விலகி, கதவு விரலளவு திறந்தது. உள்ளேயிருந்து அவளுடைய குரலே தணிந்து பேசியது.

“சீக்கிரம் உள்ள வா, ஏளா. அவுக வந்துருவாக.”

ஈவாஞ்சலின் படிக்கட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.