மாஸ்டரின் விட்டமின்

உலகத்திலேயே அசல் ஆண்மகன் ஒருத்தன்தான். அது தானே என்பதில் ஜிம் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை.

"ஊசி போட்டுத்தான் ஆம்பளையா இருக்கணுமா மச்சான்? வெக்கமா இல்ல?"

மனைவியின் அண்ணன் சிரித்தார். "எனக்கு ஆண் ஹார்மோன் சரியாச் சுரக்கல மாப்ள. டாக்டர் ரத்தத்தைச் சோதிச்சு, குறையறதை மட்டும் குடுக்கறார்."

நாலு வருஷமாகக் குழந்தை இல்லை. மனைவி மாஸ்டரை அதே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஜிம்ல என்ன போட்டுக்கறீங்க?"

"சும்மா... விட்டமின் ஊசி சார். ஆறு வருஷமா."

"அது ஸ்டீராய்டு, ஆண் ஹார்மோன் சரக்கு. வெளியிலிருந்து கொட்டக் கொட்ட, உள்ளே விந்தணு ஃபேக்டரி ஷட்டரை இறக்கிடுச்சு. அதை நிறுத்துங்க. மறுபடி திறக்க, ஹார்மோன் ஊசி எழுதறேன்."

வெளியே ஊசி வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மச்சான்" என்றார் மாஸ்டர், தன் ஊசி டோக்கனை உள்ளங்கையில் மறைத்தபடி.