இடம் மாறிய ரீல்

"இந்த மாசம் அந்த விமானச் சண்டைப் படம்தான். இல்லேன்னா நான் சங்கத்தைவிட்டே போறேன்!" மேஜையில் ஓங்கித் தட்டினார் டீச்சர்.

திரைப்படச் சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்தார். "கறுப்பு வெள்ளைப் படம் டீச்சர். அதுவும் கடைசியில ஹீரோ விமானத்தோட கடல்ல விழுந்து சாகிறான். அழறதுக்கா எல்லாரும் வர்றாங்க?"

"யார் செத்தது? திரும்பி வந்து ஜம்முனு தரையிறங்குவான். சின்ன வயசுல என் அம்மாவோட ஒரு வாரம் தினமும் பார்த்தவ நான். எனக்கே கதை சொல்றீங்களா?"

செயலாளர் விடுவாரா? டிஸ்க்கைப் போட்டுக் கடைசிக் காட்சியை ஓடவிட்டார். விமானம் எரிந்துகொண்டே கடலில் விழுந்தது. படமும் முடிந்தது. எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"இந்த டிஸ்க் தப்பு" என்றார் டீச்சர், கொஞ்சமும் அசராமல்.

"டிஸ்க் தப்பில்லம்மா. தப்பு பண்ணினது நான்."

பின்வரிசையிலிருந்து எழுந்தவர் பழைய தியேட்டர் ஆபரேட்டர். சங்கத்திலேயே வயதில் மூத்தவர்.

"போர் நடந்த சமயம். முதல் நாள் தூக்கக் கலக்கத்துல கடைசி ரெண்டு ரீலை இடம் மாத்திப் போட்டுட்டேன். முந்தின சண்டை முடிஞ்சு ஹீரோ தரையிறங்குற ரீல் கடைசியா ஓடிடுச்சு. கடல்ல விழுந்தவன் அப்புறம் பத்திரமா வந்து இறங்கிட்டான். ஜனங்களும் கை தட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் சரி பண்ணலாம்னு பார்த்தா, ஒரு அம்மா குழந்தையோட மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாங்க. புருஷன் போர் விமானி, போனவர் இன்னும் திரும்பலைன்னு டிக்கெட் கிழிக்கிறவன் சொன்னான். எனக்கு மனசு வரல. வாரம் பூரா மாத்தியேதான் ஓட்டினேன். முதலாளி வேலையைவிட்டுத் தூக்கினார். தூக்கட்டுமே! இன்னிக்கும் அதையேதான் செய்வேன்."

ஆபரேட்டர் டீச்சரின் அருகே வந்தார்.

"அந்தக் குழந்தை நீங்கதானாம்மா? இத்தனை வருஷமா உங்களை ஏமாத்திட்டேனே!"

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"நாங்க ஏமாறலை ஐயா. லீவுல வந்தப்போ முழுக்கதையும், ஹீரோ சாகிறது வரைக்கும் சொல்லி, 'ரெண்டு பேரும் கட்டாயம் பாருங்க'ன்னு அந்தப் படத்தைச் சிபாரிசு பண்ணிட்டுப் போனதே எங்கப்பாதான். அவர் சொன்ன மாதிரி அது முடியலைங்கிறதைப் பார்க்கத்தான் அம்மாவும் நானும் தினமும் வந்தோம்."