ஆறாவது ஸ்விட்ச்

“பயப்படாதீங்கம்மா. என்னை உங்க புள்ள மாதிரி நெனச்சுக்குங்க” என்றது போனில் வந்த ஆண்குரல்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன கை அப்படியே நின்றது.

இதே வார்த்தைகளை, இதே தேன் தடவிய குரலில், ஏற்கெனவே இருபது தடவையாவது கேட்டிருக்கிறாள். அக்காவின் போனில் அது பதிவாகியிருந்தது.

அன்று அக்காவிடம், வங்கியின் தலைமை அலுவலகம் என்றான். கார்டு முடங்கப் போகிறது என்றான். அக்கா நம்பி, போனுக்கு வந்த ஓடிபி எண்ணையும் சொன்னாள். டீக்கடையில் நின்று நின்று நாலு வருடம் சேர்த்தது நாலு நிமிடத்தில் போனது.

பணம் போனதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். பேருந்து நிலையமே “ஓடிபி அக்கா, ஒரு டீ!” என்று கூப்பிட ஆரம்பித்ததைத்தான் தாங்க முடியவில்லை. டிரைவர், கண்டக்டர், கூட்டிப் பெருக்குகிறவர், ஒருவர் பாக்கியில்லை.

“அந்த வாய் பேச முடியாத தம்பி ஒருத்தன்தான்டி என்னைக் கேலி பண்ணாதவன்” என்பாள் அக்கா. தினமும் வந்து ஒற்றை விரலைக் காட்டுவானாம். டீயை வாங்கிக்கொண்டு தூணோரமாகப் போய் உட்காருவானாம். அவனுக்கு மட்டும் பன் இலவசம்.

வருகிற முதல் தேதியோடு கடையை மூடப்போவதாக அக்கா நேற்றுதான் சொன்னாள்.

“கேக்குதாம்மா? கார்டுல இருக்கிற பதினாறு நம்பரையும் சொல்லுங்க.”

நாக்கு நுனி வரை வசவு வந்துவிட்டது. அதற்குள் அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

‘பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

அவளுடைய குரல்.

அந்தப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளரே அவள்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஒலிக்கும் அந்தப் பதிவு, அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலும் அதே நொடியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஆக, தலைமை அலுவலகம் இங்கேயேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறது!

“ஐயா, கார்டு பைக்குள்ள எங்கயோ கிடக்கு. தேடி எடுக்கறேன். வெச்சிடாதீங்க ஐயா” என்றாள், குரலில் கொஞ்சம் நடுக்கத்தை வரவழைத்து.

“பொறுமையா தேடுங்கம்மா.”

என்ன பெருந்தன்மை! அவள் போனை மியூட்டில் போட்டாள்.

மேசையில் எட்டு ஸ்விட்சுகள். எட்டு நடைமேடைகளின் ஒலிபெருக்கிகளுக்குத் தனித்தனியாக. தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் போட்டு, மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிச் சோதித்த பிறகுதான் அவள் நாற்காலியில் உட்காருவாள். பதினோரு வருடப் பழக்கம்.

இன்று மதியமும் ஒரு சோதனை நடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

முதல் ஸ்விட்ச். டொக், டொக். போனைக் காதில் அழுத்திக் கேட்டாள். அவன் மூச்சு மட்டும் வந்தது.

இரண்டு. மூன்று. ஒன்றுமில்லை.

நான்கில் அவன் கொட்டாவி விட்டான். ஐந்தில் எதையோ உறிஞ்சிக் குடித்தான்.

ஆறு.

டொக், டொக் என்றது போன்.

ஆறாம் நடைமேடையில்தான் அக்காவின் டீக்கடை. கடைப் பலகையில், டீ வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்லி இரண்டு போன் நம்பர்கள் எழுதியிருக்கும். மேலே இருப்பது அக்காவுடையது. கீழே இருப்பது இவளுடையது.

பாவி, பலகையைப் பார்த்துப் பார்த்துப் போன் போட்டிருக்கிறான்!

ஸ்விட்சை அணைத்தாள். மியூட்டை எடுத்தாள்.

“கெடச்சிடுச்சு ஐயா. என்ன சொல்லணும்னு இன்னொரு தடவை சொல்லுங்க.”

கேட்ட கையோடு ஆறாவது ஸ்விட்சைத் திரும்பப் போட்டு, போனின் ஸ்பீக்கரைத் திறந்து, மைக்கோடு ஒட்டிப் பிடித்தாள்.

“முன்பக்கம் இருக்கிற பதினாறு நம்பர்மா. பயப்படாம சொல்லுங்க. என்னை உங்க புள்ள...”

ஆறாம் நடைமேடையின் அத்தனை ஒலிபெருக்கிகளும் அவன் குரலில் முழங்கின. ‘புள்ள’யோடு பேச்சு நின்றுபோனது.

பதினோரு வருடமாக அந்த மைக்கில் அவள் ‘கேட்டுக்கொள்கிறோம்’ தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இன்று வீட்டில் பேசுவதுபோல் பேசினாள்.

“அக்கா, குரல் தெரியுதா? உன் கடைப்பக்கம்தான் இருக்கான். விடாத, புடி!”

போன் கீழே விழுந்த சத்தம். நல்லவேளை, இணைப்பு அறுபடவில்லை. பெஞ்சு ஒன்று சாய்ந்தது. ஓடும் கால்கள். துரத்தும் கால்கள்.

“யோவ், இவன் பேசுனதுதான்யா மேல கேட்டுச்சு! சட்டையைப் புடி!” என்று ஒரு கண்டக்டர் கத்தினார். ‘ஓடிபி அக்கா’ என்ற பெயரை முதலில் வைத்தவர் அவர்தான். இப்போது அவரே, “அக்கா, மாட்டிக்கிட்டான், வாங்க!” என்றார்.

வெறும் ‘அக்கா’.

அவள் எட்டு ஸ்விட்சுகளையும் போட்டாள். கேலி செய்த ஒவ்வொரு காதுக்கும் கேட்கட்டும் என்று போனை மைக்கின் முன்னால் நிமிர்த்தி வைத்தாள்.

புறப்பட வேண்டிய பேருந்துகள்கூட இஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. ஒலிபெருக்கிகளில் அக்காவின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. நின்றது.



பிறகு எட்டு நடைமேடைகளிலும் அக்காவின் குரல் எழுந்தது.

“அட நாசமாப் போறவனே... உனக்குப் பேச வருமா?”