எந்தக் குமிழி முதலில்

மாலையில் லாவா விளக்கைப் போட்டுவிட்டு மெர்லினும் ஜெபராஜும் அதன் முன்னால் உட்கார்வார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகு அவசரமே இல்லாமல் இளகி, குமிழி குமிழியாக மேலெழும். எந்தக் குமிழி முதலில் உச்சியைத் தொடும் என்று பந்தயம். தோற்றவர் டீ போட வேண்டும். மழை, காய்ச்சல், விருந்தாளி என எல்லாவற்றையும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடும் அவர்கள் வீட்டுக்குத் தெரியாதது இது ஒன்றுதான்.

தோற்றுத் தோற்றுச் சலித்த ஜெபராஜ் ஒருநாள் வீட்டிடம் கிசுகிசுத்தான்: "இந்த விளக்கையும் கொஞ்சம் கவனியேன்."

அதன்பிறகு அவனே ஜெயித்தான்.

"கண்ணுல மந்திரம் வச்சிருக்கியாடா?" என்று சிரித்தபடி மெர்லின் டீ போட்டாள்.

ஒரு மாலை, அவன் வாய் திறப்பதற்குள் சுவரே பேசியது: "இடது பக்கம் இருக்கும் சின்னக் குமிழி."

அதுதான் எழுந்தது.

மெர்லின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு டீக்காகவாடா?"

அன்றும் அவள்தான் டீ போட்டாள். கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவன் வீட்டிடம் கெஞ்சினான். "விளக்கைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் மறந்துடு."

"மறந்துவிட்டேன்" என்றது வீடு.

அவன் விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான். எந்தக் குமிழி எழும் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

"மெர்லின் இன்று வரமாட்டார்" என்றது வீடு.